மூச்சு வாங்கிய அணில்

“ரிமோட்டக் குடுங்கப்பா. ஊரே அந்தக் கடைசி எபிசோடப் பாத்து முடிச்சாச்சு. நாம மட்டும்தான் பாக்கி.”

“தலை வலிக்குது. நாளைக்குப் பாக்கலாம்.”

“ஒரு மாசமா இதே தலைவலி.”

லிஃப்ட் மெக்கானிக்கான அப்பா, ஐம்பது வயதில், ஒரு கார்ட்டூன் அணிலுக்காகச் சின்னப் பிள்ளை மாதிரி அடம்பிடித்தார். மகள் தட்டில் போட்டு வைத்த சாப்பாடு போட்டபடி ஆறிக்கொண்டிருந்தது.

“பழைய எபிசோட் ஏதாவது போடு. எத்தனை தடவை வேணாலும் பாக்கறேன்.”

“அதெல்லாம் எனக்கு மனப்பாடமே ஆயிடுச்சு. நாம கேக்காதது இது ஒண்ணுதான்.”

“அதுக்குத்தான் வேண்டாங்கறேன். இதையும் கேட்டுட்டா அப்புறம் என்ன இருக்கு?”

மகள் ரிமோட்டை அவரிடமிருந்து வாங்கிக்கொண்டாள். பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டு, டிவியைப் போட்டாள்.

அணில் காட்டை விட்டுக் கிளம்பும் நாள். கிளையில் சும்மா உட்கார்ந்திருந்தும் அதற்கு மூச்சு வாங்கியது.

“நான் இல்லன்னு யாரும் சாப்பிடாம கிடக்கக் கூடாது. சரியா?” என்று கேட்டுவிட்டுப் போனது.

அப்பா வாயே திறக்கவில்லை.

பெயர்கள் ஓடின. ‘அணிலுக்குக் குரல் கொடுத்தவர், மறைந்த’ என்று தொடங்கி அம்மாவின் பெயர் வந்தது.

“ஆஸ்பத்திரியில சேர்ற அன்னிக்கு, காலைல ஸ்டூடியோவுக்குப் போய் அம்மா பேசிட்டு வந்தது இதுதானாப்பா?”

அப்பா தலையாட்டினார். பிறகு ஆறிப்போன தட்டை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

“கொஞ்சம் பின்னால ஓட்டும்மா. உங்கம்மா கேட்டதுக்கு நான் இன்னும் பதில் சொல்லல.”