பெட்ரோல் கேட்காத வண்டி

"இந்த ஒயரு யார் வீட்டுக்குப் போகுதுன்னு நான் சொல்லவா, நீங்களே சொல்றீகளா?"

ராயப்பராஜ் போட்ட சத்தத்தில் காம்பவுண்டின் நாலு குடித்தனமும் வாசலுக்கு வந்துவிட்டன. கரண்டு இல்லாமல் உள்ளே வெந்துகொண்டிருந்தவர்களுக்கு, வீட்டுக்காரரின் சண்டையாவது காற்று வாங்க ஒரு சாக்காயிற்று.

கோபத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. பெட்ரோலே கேட்காது என்று திண்டுக்கல் முழுக்க அவர் பெருமையடித்த பேட்டரி ஸ்கூட்டர், நாலு நாளாகச் சாயங்காலம் மணிக்கூண்டைத் தாண்டுவதற்குள் படுத்துவிடுகிறது. நேற்று தள்ளிக்கொண்டு வந்தவரிடம் டீக்கடை மிக்கேல்ராஜ், புல்லுக்கட்டு ஏதும் வேணுமா என்று விசாரித்து வைத்தான். அதனால் இன்று மத்தியானத் தூக்கத்தைத் தியாகம் செய்து, கதவிடுக்கில் கண்ணை வைத்து உட்கார்ந்திருந்தார். நடுவில் கண்ணயர்ந்தது போக, மூன்றரைக்குப் பிடித்துவிட்டார். நிறுத்தியிருந்த வண்டியின் பேட்டரியிலிருந்து ஒரு ஒயர் கிளம்பி, குடித்தனக்காரி நர்கீஸ் வீட்டு ஜன்னலுக்குள் போயிருந்தது.

நர்கீஸ் மறைக்கவில்லை. பெருநாளுக்கு எட்டு நாள்தான் இருக்கிறது, தினம் ரெண்டு மணியிலிருந்து நாலு வரைக்கும் கரண்டு போய்த் தையல் மிஷின் நின்றால் ஆர்டர் கைவிட்டுப் போய்விடும், யுபிஎஸ் ரிப்பேர் பார்க்கும் கணவர் ரஃபீக்தான் சின்னதாக ஒரு இன்வெர்ட்டர் செய்து மாட்டிக் கொடுத்தார் என்று சொன்னாள்.

"வண்டி அந்நேரம் சும்மாதானண்ணே நிக்கிது."

"என் சட்டைப் பையில பணமும் சும்மாதான் கிடக்கு. அதையும் எடுத்துக்கிறயா?"

அந்தப் பிள்ளை கேட்டிருந்தால் மட்டும் நீங்க கொடுத்திருப்பீகளாக்கும் என்று அவர் மனைவி அல்போன்சா உள்ளேயிருந்து முணுமுணுத்தாள். அது எரிகிற தீயில் எண்ணெய் வார்த்த மாதிரி ஆயிற்று. திருட்டுக் கரண்டில் தைக்கிறவளுக்கு என் காம்பவுண்டில் இடமில்லை, பெருநாளாவது ஒண்ணாவது, இந்த வாரமே காலி பண்ணணும் என்று தீர்ப்புச் சொன்னார். நர்கீஸுக்கு முகம் சிவந்துவிட்டது. பாதி தைத்த துணிகளோடு அவள் எங்கே போய் வீடு தேடுவாள்?

நாலு மணிக்குக் கரண்டு வந்தது. எல்லார் வீட்டு ஃபேனும் சுற்ற ஆரம்பித்தது. ஆத்திரம் அடங்காத ராயப்பராஜ் ஒயரைப் பிடுங்கி எறிந்துவிட்டு, எல்லாரும் பார்க்கும்படி, தினமும் போடுகிற மாடிப்படிப் பிளக்கில் சார்ஜரைச் சொருகினார். அதில் சிவப்பு விளக்கு எரிந்தது.

"என் காசு, என் கரண்டு. இனி ஒரு பொட்டு வெளிய போகாது."

"அதுவும் சரிதாண்ணே," என்றாள் நர்கீஸ். "அவுகவுக கரண்டு அவுகவுகளுக்கே இருக்கட்டும்."

விறுவிறுவென்று போய், தன் வீட்டு மீட்டர் பெட்டியைத் திறந்து ஃபியூஸை உருவினாள்.

அவள் வீட்டு ஃபேன் தயங்கித் தயங்கி நின்றது. மற்ற குடித்தனங்களிலும் ராயப்பராஜ் வீட்டிலும் ஃபேன்கள் சுற்றிக்கொண்டேதான் இருந்தன. அவள் வீட்டோடு சேர்ந்து அணைந்தது ஒன்றே ஒன்றுதான்: ராயப்பராஜின் சார்ஜரில் இருந்த சிவப்பு விளக்கு.