அடுத்த ஆள்

“அக்கா, குளிச்சிட்டு வந்துடறேன். போன் அடிச்சா யாருன்னு பார்த்துட்டு நிக்காம உடனே எடுத்துடுங்க, என்ன?”

இளையவள் தன் போனைத் தையல் மெஷின் மேல் வைத்துவிட்டுத் துண்டோடு போனாள். மூத்தவள் பல்லில் கடித்திருந்த நூலை அறுத்தாள். கடைக்குப் போனாலும் சரி, மாடியில் துணி காயப்போடப் போனாலும் சரி, அந்த போனை இவளிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் போவாள். பீற்றிக்கொள்ளத்தான், வேறென்ன?

அண்ணன் தம்பி இருவருக்கும் கடல் தாண்டி ஒரே கம்பெனியில் வேலை. மனைவிகள் இங்கே ஒரே வீட்டில். புருஷனோடு போய்ச் சேர இருவரும் ஒரே நாளில்தான் மனுப் போட்டார்கள். கம்ப்யூட்டரில் தட்டத் தெரிந்தவள் இளையவள் என்பதால் இரண்டு மனுவையும் அவளே நிரப்பினாள். முதலில் மூத்தவளுடையது, அப்புறம் தன்னுடையது. அன்றிலிருந்து விசா ஆபீஸ் எப்போது நேர்காணலுக்குக் கூப்பிடும் என்று காத்திருப்பதே இருவருக்கும் பிழைப்பாகிவிட்டது.

அந்தக் காத்திருப்பிலும் இளையவளுக்கு ஒரு கொடுப்பினை. அவள் புருஷன் தினமும் கூப்பிடுவான். அவளுக்காக வாங்கிய திரைச்சீலையை வீடியோவில் விரித்துக் காட்டுவான். மூத்தவளின் புருஷன் லீவு நாளில் கூப்பிட்டு, சாப்பிட்டியா, உடம்பு பரவாயில்லையா என்று கேட்டு வைத்துவிடுவார். அவரோடு சேர்ந்து வாழ்ந்ததைவிட ஏர்போர்ட்டில் வழியனுப்பியதுதான் அவளுக்கு நினைவில் நிற்கிறது. இந்தத் தடவை போக முடியாவிட்டால் அவர் முகமே மறந்துவிடுமோ என்று பயமாக இருந்தது.

“எனக்குச் சீக்கிரம் வந்துடும்னு அவரு சொல்றாரு அக்கா” என்று காலையில்தான் இளையவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். மூத்தவளுக்கு வயிறு எரிந்தது.

போன் அடித்தது.

விசா ஆபீஸிலிருந்து ஒரு பெண் பேசினாள். நாளைய நேர்காணலில் ஓர் இடம் காலியாகியிருப்பதாகச் சொன்னாள்.

“விண்ணப்பம் போட்டவங்கதானே பேசறீங்க?”

முன்னே வந்த காதைப் பின்னே வந்த கொம்பு மறைத்தேவிட்டது. முதலில் மனுப் போட்டவள் இங்கே சட்டைப் பட்டனுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருக்க, இளையவளைக் கூப்பிடுகிறார்கள். குளியலறையிலிருந்து இளையவள் பாடுவது வேறு கேட்டது.

“ஆமா, நான்தான்.”

“நாளைக்குக் காலையில வர முடியுமா?”

“முடியாது. உடம்பு சரியில்ல.”

மறுத்தால் வரிசையின் கடைசிக்குப் போக வேண்டியிருக்கும், மறுபடி எப்போது கூப்பிடுவோம் என்று சொல்ல முடியாது என்று அந்தப் பெண் எச்சரித்தாள்.

“பரவாயில்ல. அடுத்த ஆளுக்குக் கொடுத்துடுங்க.”

அடுத்த ஆள் இவளாகத்தானே இருக்க வேண்டும்! வந்த அழைப்பின் சுவடே இல்லாமல் அழித்தாள். செய்தது பாவம்தான் என்று மனசு சொன்னது. ஆனாலும் பல நாளைக்குப் பிறகு அந்த மனசு குளிர்ந்திருந்தது.

இளையவள் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தாள். போன் வந்ததா என்று கேட்டாள். ஏதோ தப்பான நம்பர் என்று மூத்தவள் சொன்னதும் அவள் முகம் வாடிப்போனது. அந்த வாட்டத்தை மூத்தவள் ஓரக்கண்ணால் ரசித்தாள்.

கொஞ்ச நேரத்தில் மறுபடியும் போன். இந்தத் தடவை இளையவளின் புருஷன். பேசி முடித்துத் திரும்பியவளின் கண்கள் கலங்கியிருந்தன.

“அக்கா, நாளைக்கு எனக்கு நேர்காணலாம். யாரோ வர முடியாதுன்னுட்டாங்களாம், அந்த இடத்தை எனக்குக் கொடுத்திருக்காங்க. இப்பத்தான் அவருக்குக் கூப்பிட்டுச் சொன்னாங்களாம்.”

“அவருக்கா? உன் போனுக்குத்தானே கூப்பிடணும்?” மூத்தவள் தைப்பதை நிறுத்தினாள்.

“என் மனுவுல அவரு நம்பர்தான் அக்கா இருக்கு. ஒரு நம்பரை ஒரு மனுவுக்கு மேல ஏத்துக்க மாட்டேங்குது. உங்க போன் பாதி நாள் செத்துக் கிடக்குதே, உங்களைக் கூப்பிடறப்போ தவறிடக்கூடாதுன்னு என் நம்பரை உங்க மனுவுல போட்டுட்டேன்.”