மஸ்கட் கிளை

நர்ஸ் மாரிச்செல்வி வேலை பார்த்த மதுரை கேன்சர் ஆஸ்பத்திரி மஸ்கட்டில் கிளை திறந்தது. அவளையும் அங்கே அனுப்பினார்கள். திறந்த அன்றே கோவில்பட்டிக்குப் போன் போட்டாள். அம்மா ஜானகியம்மாள் மிளகாய் வற்றலுக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள்.

“அம்மா, அப்பா இங்கன வந்திருக்காவ. பாதியில விட்ட கரண்டை வச்சுவிடச் சொல்லுதாவ.”

கரண்ட் என்று ஊரில் சொல்லும் கதிர்வீச்சு வைத்தியம் முடியுமுன்னே இறந்துபோன அப்பாவுக்குப் போன மாதம்தான் வருஷ திவசம் கொடுத்தார்கள்.

“சாப்பிட்டாவளா?” என்றாள் ஜானகியம்மாள்.

“கேட்டேன். ‘உங்கம்மா கஞ்சியோட கீழ நிக்கா’ன்னாவ. ஜன்னல் வழியா எட்டிப் பாத்தேன். தூக்குவாளியோட நீதாம்மா நிக்கே.”

ஜானகியம்மாள் விரல்களைப் பார்த்தாள். காலையிலிருந்து வற்றல் கிள்ளியும் எரியவே இல்லை.

“ஏட்டி, நான் என்ன சேலை கட்டியிருக்கேன்?”