ஞாயிற்றுக்கிழமை இரண்டு ஆட்டம்

"ஒன்பது வாரத்தில இருபத்தெட்டு ஆட்டம்! ஞாயிறில ரெண்டு போடாமல் ஏலாது!" அட்டவணை போடும் கோசிகா மேசையில் குத்தினாள்.

லண்டன் ஐஸ் ஹாக்கி அரங்கின் துப்புரவுத் தொழிலாளர் வேலைநிறுத்தம் பாதி சீசனை விழுங்கியிருந்தது. இன்று சங்கம் கையெழுத்திடாவிட்டால் மீதியும் போய்விடும்.

"நீர் போடும், பிள்ளை. ஆனா நடுவில ரெண்டு மணித்தியாலம் விடும். மூவாயிரம் கதிரைக்குக் கீழ குனியிறது நாங்கள்," என்றார் சங்கப் பிரதிநிதி யோகமலர்.

"ஒரு மணித்தியாலம்தான்!" என்றாள் கோசிகா.

"அப்ப கையெழுத்தில்லை."

பல்லைக் கடித்துக்கொண்டு கோசிகா இடைவெளியை இரண்டு மணித்தியாலம் என்று திருத்தினாள். யோகமலர் கையெழுத்திட்டுவிட்டு எழுந்து போனார்.

"தப்பினாய். இனி அந்த மனுசியின் முகத்தில் முழிக்க வேண்டாம்," என்றார் பக்கத்தில் இருந்த அரங்க மேலாளர்.

கோசிகா குளிர்கோட்டை எடுத்துக்கொண்டு யோகமலரின் பின்னால் ஓடினாள்.

"அம்மா, நில்லுங்கோ! நானும் வீட்டுக்கு வாறன்!"

"வா, வா. நல்லாத்தான் கத்துறாய். உன்னைக் கம்பஸுக்கு அனுப்பிப் படிப்பிச்சது வீண்போகேல்லை!"