நீல ஜன்னல் அறை

நோர்வூட்டில் மெரினாவும் கணவன் ஜூட்சனும் வீட்டின் இரண்டு அறைகளைப் பயணிகளுக்கு வாடகைக்கு விடத் தொடங்கினார்கள். இணையதளத்தை மெரினாவே செய்தாள். இனிமேல் கட்டப்போகும் மேல்மாடி அறைக்கும் ஒரு பக்கம் எழுதி, அதைக் காட்டும், மறைக்கும் சுவிட்சான ஃபீச்சர் ஃப்ளாக்கை ‘ஆஃப்’ என்று வைத்தாள். அதை ‘ஆன்’ என்று மாற்றும்வரை அந்தப் பக்கம் தளத்தில் உருவாகவே உருவாகாது.

சனிக்கிழமை காலை முதல் விருந்தாளியாகக் கொழும்பு ஆசிரியை ஒருவர் வந்தார். மெரினாவுக்குச் சந்தோஷத்தில் கைகால் ஓடவில்லை.

“மேல் ரூம்தானே எனக்கு? வெப்சைட் படத்துல அந்த நீல ஜன்னல் அவ்வளவு அழகு,” என்றவர் பையோடு படியேறிவிட்டார்.

“ஃப்ளாக்க மாத்திட்டியா?” என்றான் ஜூட்சன்.

“இல்லங்க, ஆஃப்லதான் இருக்கு. படமும் நான் போடலையே.”

ஜூட்சன் முற்றத்துக்கு ஓடி அண்ணாந்து பார்த்தான். வெறும் கொங்கிரீட் தளம், நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகள். அங்கே யாருமில்லை.

“மெரினா, இங்கருந்து காசல்ரீ நீர்த்தேக்கம் முழுக்கத் தெரியுது,” என்று மேலிருந்து குரல் வந்தது. “இன்னொரு தலகாணி கிடைக்குமா?”

“இந்தா கொண்டுவாறேன் மிஸ்.”

முகமெல்லாம் சிரிப்பாக மெரினா தலையணையோடு படியேறினாள். ஜூட்சன் வெறுந்தளத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். மேலே ஒரு கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது.