எழுந்திருக்காத மாப்பிள்ளை

மெக்கானிக் என்பவன் பயந்தவர்களுக்காகவே படைக்கப்பட்டவன் என்பது அத்தானின் அசைக்க முடியாத கொள்கை. பல்பு மாற்றக்கூட ஆள் கூப்பிடும் என் அப்பாவைக் கண்டால் அவருக்கு இளக்காரம்.

அன்று ஜீப்பின் ஷாக் அப்சார்பரைப் பிரித்து சீல் மாற்றப்போவதாகக் காலையிலேயே ஷெட்டுக்குள் போனார். மதியம் அக்கா சாப்பிடக் கூப்பிட்டாள்.

"பசியில்ல."

மூன்று மணிக்கு அப்பா வந்தார். அக்காவும் நானும் அவரை ஷெட்டுக்குள் அழைத்துப் போனோம். முக்காலியில் உட்கார்ந்தவர் போலக் குனிந்திருந்த அத்தான் எழுந்திருக்கவில்லை. "வாங்க மாமா" என்றார், தரையைப் பார்த்து.

"மாமனார் வந்தா எந்திரிக்கணும்னு தெரியாது? திமிரு" என்று அக்கா பல்லைக் கடித்தாள்.

அப்பாவின் முகம் சுண்டிவிட்டது. "நான் கிளம்பறேம்மா."

"போகாதீங்க மாமா." அத்தான் அவ்வளவு பணிவாகப் பேசி நான் கேட்டதில்லை. எங்கோ கிரிச்சென்று சத்தம் வந்தது. குனிந்து பார்த்தேன்.

முக்காலி இல்லை. ஷாக் அப்சார்பரின் ஸ்பிரிங்கைச் சுருக்கித் துணிக்கொடிக் கயிற்றால் கட்டி, மேல் நட்டைக் கழற்றிவிட்டு, அதன்மேல் உட்கார்ந்திருந்தார். கயிற்றில் ஒரே ஒரு பிரி மிச்சமிருந்தது; அவர் எழுந்தால் ஸ்பிரிங் கூரைக்குப் பாய்ந்துவிடும்.

"எவ்வளவு நேரமா அத்தான்?"

"பத்து மணிலேர்ந்து."

பிறகு உதடு அசையாமல் கேட்டார்.

"மாமா, உங்க மெக்கானிக் வீட்டுக்கே வருவாரா?"