கிராமபோன் உடன்படிக்கை

ஜெனீவாவில் நாடுகளின் சண்டையைத் தீர்க்க ஆறு மாதம், சென்னை சர்வகலாசாலையில் அதையே பாடமாக நடத்த ஆறு மாதம் என்று ஓடிக்கொண்டிருந்த சண்முகராஜாவுக்கு, இலங்கை ஹட்டனில் அக்காள் வீட்டில் இருக்க அரை நாள்தான் கிடைத்தது. மத்தியான ரயிலைப் பிடித்தாக வேண்டும். வந்து பார்த்தால் அக்காளுக்கும் அத்தானுக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

"அவரு வாங்கின கிராமபோன் என் வீட்டுக்குள்ள வரக்கூடாது தம்பி," என்றாள் அக்காள் பூரணி, அடுப்படியில்.

"அப்ப நானும் வரலன்னு சொல்லிடுங்க மாப்ளே," என்றார் அத்தான் மயில்வாகனம், முன்பக்கத்துக் கடையில்.

சண்முகராஜாவுக்குக் கை துறுதுறுத்தது. கடைக்கும் அடுப்படிக்கும் நடையாய் நடந்தார். காரமான சொற்களை வழியிலேயே உதிர்த்துவிட்டு மிச்சத்தை மட்டும் கொண்டுபோய்ச் சேர்த்தார். வெள்ளிக்கிழமை மட்டும் பாடலாம், அதுவும் சாமி பாட்டுத்தான் என்ற அளவுக்கு அக்காள் இறங்கி வந்தாள். அத்தானும் தலையாட்டினார். ஜெனீவாவில்கூட இவ்வளவு சுளுவாக முடிந்ததில்லை என்று சண்முகராஜா நெஞ்சை நிமிர்த்தியபோது, ஸ்டேஷன் பக்கம் ரயில் ஊதிக்கொண்டு கிளம்பியது.

"ரயில் போயிருச்சு பூரணி," என்று குரல் கொடுத்தார் மயில்வாகனம். "இலையப் போடு."

"அப்பவே போட்டாச்சுங்க."

சண்முகராஜா உள்ளறைக் கதவைத் திறந்தார். மூன்று இலைகளுக்கு எதிரே, பூப்போட்ட துணி விரித்த மேசைமேல் கிராமபோன் உட்கார்ந்திருந்தது.

"தைப்பொங்கல்லேருந்து இங்கதான் பாடுது," என்றாள் பூரணி. "ரெண்டு வருசம் கழிச்சு வந்துட்டு அரை நாள்ல போறேன்னா விட்டுருவோமா?"

சண்முகராஜா கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

"நாளைக்கு என்ன சண்டை, அக்கா?"